முகப்புக்கு முன் பின்பக்கம்: பெசன்ட் நகர் வீடுகளைக் காஃபே ஆக்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை பெசன்ட் நகரில் தனி வீடுகளை வாடகைக்கு எடுத்து காஃபே, பேக்கரி, உணவகம் நடத்துகிறவர்களுக்கும், நடத்தப் போகிறவர்களுக்கும், வீட்டைக் கொடுக்கும் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கடைகளை மூடச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து, அவென்யூக்களும் குறுக்குத் தெருக்களுமாக அமைத்துக் கொடுத்த குடியிருப்புப் பகுதி இது. இன்று பிள்ளைகள் 'பெஸ்ஸி' என்று செல்லமாகக் கூப்பிட்டுக்கொண்டு ஊரின் நான்கு மூலையிலிருந்தும் வருகிறார்கள். பழைய வீடுகளுக்கு இங்கே இரண்டு வழிதான் மிஞ்சியிருக்கிறது. ஒன்று, இடித்துவிட்டு, கீழே வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட்டும் நாலைந்து மாடியுமாக எழுப்புவது. மற்றது, உங்களிடம் வருவது. உங்களிடம் வந்த வீடுகளில் சிவப்பு ஆக்சைடு தரையும், ஜன்னல் கம்பிகளும், வாசல் மாமரமும் தப்பித்திருக்கின்றன. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறோம்.

சொல்ல வந்தது பின்பக்கத்தைப் பற்றி. முகப்புக்கும் விளக்குக்கும் இருக்கைக்கும் நீங்கள் எடுத்துக்கொள்ளும் அக்கறை பாராட்டத்தக்கது. ஆனால் கொல்லைப்புறத்தில் ஓடும் குழாயும், கழிவுநீர்க் குழாய்கள் கூடும் மூடிபோட்ட குழியான சேம்பரும், பக்கச் சந்தில் நிற்கும் இயந்திரங்களும் பெரும்பாலும் வீடு கட்டிய நாளில் இருந்தபடியே விடப்படுகின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நம் நாட்டுக் கட்டட நெறிமுறைகளின் அளவு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 675 லிட்டர். உணவகத்துக்கு அதே நெறிமுறை ஓர் இருக்கைக்கு 70 லிட்டர் என்கிறது. 60 இருக்கை போட்டால் 4,200 லிட்டர். அதாவது ஆறு குடும்பத்தின் தண்ணீர் ஒரே வீட்டுக்குள் வந்து, எண்ணெயும் மாவும் கலந்து, ஒரு குடும்பத்துக்காகப் போட்ட குழாய் வழியாக வெளியே போகிறது. இந்தத் தெருக்களில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கிலிருந்துதான் முளைக்கின்றன.

பழைய வீடுகளில் மண்ணுக்கடியில் இருப்பது, களிமண்ணைச் சுட்டுச் செய்த ஸ்டோன்வேர் குழாய். அறுபது சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு. ஆறு மீட்டர் தூரத்துக்குள் பத்து இணைப்பு வந்துவிடும். ஒவ்வோர் இணைப்பும் சிமென்ட் வைத்து அடைத்தது. காலப்போக்கில் அந்தச் சிமென்ட் விரிசல் விடும், வேர் நுழையும், நம் பகுதியின் கடற்கரை மணல் உள்ளே இறங்கும். சமையல் எண்ணெய் சூடாக இருக்கும்போது தண்ணீரோடு ஓடிவிடுகிறது. சேம்பரைத் தாண்டியதும் ஆறி, குழாயின் மேல்வளைவில் ஒட்டுகிறது. சிமென்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கெட்டிச் சோப்பு போல இறுகுகிறது. மணல் அதில் பதிந்துகொண்டால் கம்பி விட்டுக் குத்தினாலும் சுலபத்தில் உடையாது.

இதன் விளைவு உங்கள் கடையில் தெரிவதில்லை, அதுதான் கொடுமை. அடைப்பு தெருக் குழாயில் விழும்போது, தண்ணீர் அந்த வரிசையிலேயே தாழ்வான வாயைத் தேடும். அது பெரும்பாலும் இரண்டு வீடு தள்ளித் தரைத்தளத்தில் இருக்கும் குளியலறையின் தரைச் சல்லடை. இரவு பதினொன்றரைக்கு நீங்கள் கடையை மூடி, பெரிய பாத்திரங்களைக் கழுவி, சமையலறைத் தரைக்கு ஹோஸ் பிடிக்கிறீர்கள். அந்த அரைமணி நேரத்தில் தண்ணீர் ஒரே வீச்சில் இறங்குகிறது. அப்போது அந்தக் குளியலறையில் முதலில் 'குளுக் குளுக்' என்று காற்று வெளியேறும் சத்தம் கேட்கும். பிறகு சல்லடை ஓட்டைகளில் நுரை வரும். அதன்பின் சாம்பல் நிறத் தண்ணீர், சோற்றுப் பருக்கையோடும் காபிச் சக்கையோடும், மெதுவாகத் தரையில் பரவும். அந்த வீட்டில் இருப்பது பெரும்பாலும் எழுபது, எண்பது வயதுக்காரர்கள். வழுக்கி விழுந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

இதைத் தடுப்பது கிரீஸ் டிராப் எனப்படும் எண்ணெய்ப் பிரிப்புத் தொட்டி. சிங்குக்கு அடியில் வைக்கிற நாற்பது, ஐம்பது லிட்டர் பெட்டி ஒரு நடுத்தரச் சமையலறைக்குப் பேருக்குத்தான் உதவும். தண்ணீர் அதில் ஒன்றிரண்டு நிமிடம்கூட நிற்காது. எண்ணெய் ஆறி மேலே மிதக்க ஏறக்குறைய அரைமணி நேரம் வேண்டும். உச்ச வேளையில் பாத்திரம் கழுவும் இரண்டு குழாயும் திறந்திருந்தால் நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நிமிடத்துக்கு 900 லிட்டர். ஆகவே 1,000 லிட்டர் கொள்ளளவு தேவை. ஒன்றரை மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் நீர் ஆழம் என்றால் சரியாக வரும். ஒரு பைக் நிறுத்தும் இடம்தான்.

உள்ளே மூன்று அறை. முதலாவதில் கழற்றி எடுக்கக்கூடிய ஓட்டைக் கூடை, சோறு, காய்த்தோல், சக்கை அங்கே நிற்க. இரண்டாவதில் எண்ணெய் மிதக்கும், வண்டல் அடியில் தங்கும். மூன்றாவதிலிருந்து வெளியேறும் குழாய்க்கு T வடிவ வளைவு போட்டு, அதன் கீழ்க்கால் நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்க வேண்டும். மேலே மிதப்பதையும் அடியில் கிடப்பதையும் விட்டு நடுத் தண்ணீர் மட்டும் வெளியே போகும். அந்தக் கீழ்க்காலைச் சுத்தம் செய்யக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படி விட்டால் தொட்டி இருந்தும் இல்லாத மாதிரிதான். கழிவறைக் குழாயை எக்காரணம் கொண்டும் இந்தத் தொட்டிக்குள் விடாதீர்கள். அது தனியாகப் போய் கடைசி சேம்பரில் சேரட்டும். சமையலறையிலிருந்து தொட்டிக்கு வரும் 110 மி.மீ. குழாய்க்கு ஆறு மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சரிவு கொடுங்கள். உள்ளே டைல்ஸ் மட்டத்தை உயர்த்தாமல் குழாயை மட்டும் நீட்டுகிறவர்கள் இந்தச் சரிவைத்தான் தின்றுவிடுகிறார்கள்.

பெசன்ட் நகருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இது மணல் நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும். ஃபைபர் தொட்டியை வாங்கி மணலில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, அடைமழை நேரத்தில் சுத்தம் செய்யக் காலி செய்தால், அது படகு போல மிதந்து மேலே வரும், இரு பக்கக் குழாயும் முறியும். அடியில் கான்கிரீட் பலகை போட்டு, தொட்டியை அதோடு பட்டை வைத்துக் கட்ட வேண்டும். செங்கல்லால் கட்டுவதாக இருந்தால் உட்புறமும் வெளிப்புறமும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு கட்டாயம். கசிந்தால் அது போய்ச் சேருமிடம் அடுத்த வீட்டுக் கிணறு.

பராமரிப்புக்கு ஒரு மரக்குச்சி போதும். முதல் மாதம் வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து, மிதக்கும் கொழுப்பின் தடிமனையும் அடி வண்டலின் உயரத்தையும் அளந்து, தேதி போட்டு எழுதிவையுங்கள். இரண்டும் சேர்ந்து ஆழத்தில் கால் பங்கை, அதாவது 22 சென்டிமீட்டரை, தொட்டால் காலி செய்ய வேண்டிய நாள். ஒரே மாதத்தில் உங்கள் கடைக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது தெரிந்துவிடும். கொதிநீர் ஊற்றிக் கரைப்பதும், எண்ணெய் கரைப்பான் திரவம் ஊற்றுவதும் பயனற்றவை. கரைந்தது தொட்டியைத் தாண்டித் தெருக் குழாயில் போய் மறுபடி உறையும்.

நம்மூர்ச் சமையலறைக்கென்று மூன்று எதிரிகள் உண்டு: இட்லி-தோசை மாவு, காபிச் சக்கை, பால். மாவுப் பாத்திரத்தை அப்படியே குழாயடியில் காட்டினால் மாவு அடியில் தங்கிப் புளிக்கும், அழுகிய முட்டை நாற்றம் அதிலிருந்துதான் வரும். ரப்பர் கரண்டியால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவச் சொல்லுங்கள். காபிச் சக்கையை ஒரு வாளியில் தனியே சேர்த்து, காய்ந்த இலையோடு கலந்தால் நல்ல உரம். இந்தத் தெருக்களில் மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் வாசலுக்கே வந்து வாங்கிக்கொள்வார்கள். பொரித்த எண்ணெயை ஒரு சொட்டுகூடச் சிங்கில் ஊற்ற வேண்டாம். உணவுப் பாதுகாப்பு விதிப்படி, திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேரும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் மறுபடி பொரிக்கவும் கூடாது. அதை வாங்கி பயோடீசலுக்கு அனுப்பும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், கேனில் சேர்த்துக் கொடுத்தால் காசும் வரும்.

இதில் விட்டுக்கொடுக்கவே முடியாத ஒன்று. தொட்டிக்குள்ளோ சேம்பருக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ எந்த மனிதரும் இறங்கக் கூடாது. ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்தால் இறங்க ஆள் கிடைக்கலாம். பாதாளச் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கும் மேலாக, புளித்த வண்டலைக் கிளறினால் எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது. குழியின் அடியிலேயே தங்கி, குனிந்த ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும். இரண்டாவதாகக் காப்பாற்ற இறங்குகிறவரும் சேர்ந்து போவது அதனால்தான். மேலே சொன்ன அளவுத் தொட்டியை மேலே நின்றபடியே உறிஞ்சும் பம்பால் காலி செய்யலாம். மூடியைச் சிறு துளையாக வைக்காமல், தொட்டி முழுநீளத்துக்கும் மூன்று துண்டாக, பக்கத்துக்கு ஒருவராகத் தூக்கி வைக்கும்படி செய்யுங்கள். உள்ளே இறங்க வேண்டிய அவசியமே எழாது.

அடுத்தது தண்ணீர். பல வீடுகளில் கிணறு உண்டு, மழைநீர் இறங்கும் உறிஞ்சுகுழியும் உண்டு. காஃபே வேலை தொடங்கியதும் முன்முற்றம் முழுக்கக் கடப்பாக் கல் அல்லது டைல்ஸ் பதிக்கப்படுகிறது. உறிஞ்சுகுழியின் மூடி அதற்கடியில் போய்விடுகிறது. அதைவிட மோசம், அந்தக் குழி சும்மாதானே இருக்கிறது என்று பாத்திரம் கழுவும் தண்ணீரை அதற்குள் திருப்பிவிடுவது. மணல் எதையும் தடுத்து நிறுத்தாது. பக்கத்துக் கிணற்றில் எண்ணெய்ப் படலமும் வாடையும் வந்த பிறகு, அதைச் சரிசெய்ய யாராலும் எளிதில் முடியாது.

இங்கே நல்ல தண்ணீர் என்பது கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படுகை. அதன் இயற்பியல் கணக்கு பயமுறுத்தக்கூடியது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். நீங்கள் இறைத்து மட்டத்தை ஓர் அடி இறக்கினால், உப்புநீர் நாற்பது அடி மேலே வர வழி திறக்கிறது. நாள்தோறும் நாலாயிரம் லிட்டரை ஒரே மூச்சில் மோட்டார் போட்டு உறிஞ்சுவதும், சின்ன மோட்டாரில் இடைவெளி விட்டு, தரைக்கடித் தொட்டியான சம்ப்பில் சேர்ப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது வழியில் ஊற்று தேறிக்கொள்ள நேரம் கிடைக்கும். காபி இயந்திரத்துக்கும் குடிநீருக்கும் வைத்திருக்கும் ஆர்.ஓ. கருவி, ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அதைக் கழிவறைத் தொட்டிக்கும் தரை துடைக்கவும் இணைக்க ஒரு குழாயும் ஒரு டிரம்மும் போதும். எடுத்ததை நிலத்துக்குத் திருப்பிக் கொடுக்கவும் வழி உண்டு. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியிலிருந்து, வழியில் இழப்பதுபோக, ஒரு லட்சம் லிட்டருக்குமேல் நிலத்துக்குள் அனுப்ப முடியும். மாடியில் இருக்கை போடுகிறவர்கள் மழைநீர்க் குழாய் வாயில் சல்லடை வையுங்கள். தட்டிலிருந்து விழுந்தது நேரே கிணற்றுக்குப் போகாமல் இருக்கும்.

புகை. உங்கள் வீடு ஒரு மாடி, அடுத்தது ஐந்து மாடி. சமையலறை எக்ஸாஸ்டைப் பக்கச் சுவரில் ஓட்டை போட்டு விட்டால், அது மூன்றாவது மாடிப் படுக்கையறைக்குத்தான் போகும். பிற்பகலிலும் மாலையிலும் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும், புகை மேற்கு வீட்டுக்குப் போகும். பின்னிரவில் காற்று திரும்பும், கிழக்கு வீட்டுக்காரர் விழித்துக்கொள்வார். அடுப்பைவிட ஒவ்வொரு பக்கமும் 15 சென்டிமீட்டர் அகலமான, புகையை உறிஞ்சும் ஹூட், வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவும் வடிகட்டித் தகடு, பக்கத்து ஜன்னல்களைத் தாண்டி மேலே போகும் புகைக்குழாயான டக்ட், இவை மூன்றும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். டக்டை அவ்வளவு உயரம் கொண்டுபோக முடியாத இடத்தில், எண்ணெய்த் துளியைப் பிடிக்கும் மின்வடிகட்டியோ நீர்வடிகட்டியோ வைக்கத்தான் வேண்டும். டக்டுக்குள் படியும் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பொறி பட்டால் போதும், தீ கூரை வரை ஓடும்.

சத்தத்தில் இசையைக் குறைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, இயந்திரங்களை மறந்துவிடுகிறீர்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. ஒரே அளவு சத்தம் போடும் ஏ.சி. அவுட்டோர் யூனிட் பத்து சேர்ந்தால் பத்து டெசிபல் கூடும். ஒன்று 50 என்றால் பத்தும் சேர்ந்து 60. அதையும் ஆறடிச் சந்தில், இரண்டு சுவருக்கு நடுவில் வைத்தால் சத்தம் எதிரொலித்து இன்னும் ஏறும். யூனிட்களை மொட்டைமாடியின் நடுவில், ரப்பர் திண்டின் மேல் வையுங்கள்.

ஜெனரேட்டருக்கும் இதே கதை. ஒலித்தடுப்புப் பெட்டி போட்ட ஜெனரேட்டரே ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபல் வரை இருக்கலாம் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விதி. தூரம் இரட்டிக்கும்போது ஆறு டெசிபல் குறையும். அப்படியென்றால் திறந்த வெளியிலேயே 32 மீட்டர் போனால்தான் 45-க்கு வரும். அதன் புகைக்குழாய் உயரத்துக்கும் சூத்திரம் உண்டு: கட்டட உயரத்தோடு, ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் கே.வி.ஏ. எண்ணின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 100 கே.வி.ஏ. என்றால் கட்டடத்துக்கு மேல் 2 மீட்டர். தரையோடு வளைத்துச் சந்துக்குள் விடப்பட்ட குழாய்கள் இந்தப் பகுதியில் எத்தனை என்று ஒருமுறை நடந்து பார்த்தாலே தெரியும்.

அதே சந்தில் கேஸ் சிலிண்டர்களும் அடுக்கப்பட்டிருக்கும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தாழ்வான இடத்தைத் தேடிப் போகும். சிலிண்டர் அறைக்குப் பக்கத்தில் திறந்த சேம்பரோ, சாக்கடை வாயோ, ஜெனரேட்டரோ இருக்கக் கூடாது. மாடிப்படிக்கு அடியில் வைப்பதும் கூடாது.

வாசலில் சில விஷயங்கள். காரை ஏற்றும் சரிவுப் பாதை உங்கள் மனைக்குள் தொடங்கட்டும். நடைபாதையில் 1.8 மீட்டர் தடையின்றி இருக்க வேண்டும் என்பது சாலைகளுக்கான நெறிமுறைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் அளவு. மெனு பலகையும் பூந்தொட்டியும் அதை ஒரு மீட்டராக்கினால் சக்கர நாற்காலி சாலையில் இறங்க வேண்டியிருக்கும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணாகவே இருக்கட்டும். சீரியல் விளக்குக்கு ஆணி அடிக்காதீர்கள், கம்பியை இறுக்கிச் சுற்றினால் மரம் பருக்கப் பருக்க அது பட்டையை அறுக்கும்.

டெலிவரிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பார்சலுக்காக அவர்கள் எதிர்வீட்டுத் திண்ணையிலும் வண்டி மேலும் காத்திருக்கிறார்கள். கம்பவுண்டுக்குள் ஒரு பெஞ்சு, குடிக்கத் தண்ணீர், பணியாளர் கழிவறையைப் பயன்படுத்த அனுமதி. தெருவின் பாதிப் புகார் அதிலேயே தீர்ந்துவிடும், அதைவிட அது அவர்களுக்குச் சேர வேண்டிய மரியாதை.

வீட்டு உரிமையாளர்களே, ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் தொகையை எழுதுகிற பக்கத்திலேயே கிரீஸ் டிராப்பின் கொள்ளளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம், டக்ட்டின் உயரம், ஜெனரேட்டர் வைக்கும் இடம் ஆகியவற்றையும் எழுதுங்கள். குடியிருப்பைக் கடையாக மாற்றும் பயன்பாட்டு மாற்றத்துக்கான அனுமதி யார் பொறுப்பு என்பதையும் கையெழுத்துக்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் கடைசி சேம்பரைத் திறந்து, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று வாடகைக்கு வருகிறவரோடு சேர்ந்து பாருங்கள். அன்றைய படத்தை இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் யார் குழாய் யாரால் அடைத்தது என்ற பேச்சு வராது.

கடைக்காரர்களே, வாசல் பலகையில் இன்ஸ்டாகிராம் பெயருக்குக் கீழே, இரவு பன்னிரண்டு மணிக்கும் எடுக்கிற ஒரு தொலைபேசி எண்ணைப் போடுங்கள். முதன்முறை தொட்டியைத் திறந்து அளக்கிற நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். டார்ச்சும் அளவுகோலும் நாங்கள் கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
பெசன்ட் நகர் குறுக்குத் தெருக்களில் குடியிருப்போர்